ஸ்பீடு இருக்கு, சைட்டுதான் வரலை

கேபிள்காரருக்கு இது பழகிப்போன போன். “தம்பி, நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க.” கேரள எல்லைப்புறத்தில் கொழிஞ்சாம்பாறையோ வேலந்தாவளமோ, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, தன் செல்போனிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுவார். முள் தொண்ணூறைத் தாண்டி நிற்கும். “பாருங்க அக்கா, நூறு எம்பிக்குத் தொண்ணூத்தஞ்சு வருது. நம்ம லைன்ல ஒண்ணும் இல்லீங்க.” அக்காவுக்குச் சமாதானம் ஆகாது. டிவியில் யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுவதை அவரும் பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் பெண்ணின் கல்லூரி விண்ணப்பப் பக்கம் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறதே.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஸ்பீடு டெஸ்ட் அளப்பது ஒன்று, பக்கம் திறக்க வேண்டியது வேறொன்று. இது புரியாததால்தான் நூறு எம்பி போதவில்லை என்று இருநூறுக்கு மாறிவிட்டு, மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டி, அதே வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பில்லில் அச்சாகியிருக்கும் 100 எம்பிபிஎஸ் என்பது, ஒரு விநாடியில் எவ்வளவு தகவல் வந்து விழும் என்கிற கணக்கு. நாம் கேட்டதற்கு முதல் பதில் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது எந்தப் பில்லிலும் இருக்காது. போடியிலிருந்து மூணாறுக்கு ஒரு பேருந்து விடும் இடத்தில் பத்துப் பேருந்து விட்டால் பத்து மடங்கு ஆட்கள் போகலாம். ஆனாலும் போடிமெட்டு வளைவுகளை ஏறி முதல் ஆள் மூணாறில் இறங்கும் நேரம் அப்படியேதான் இருக்கும். இணையத்தில் அந்த மலையேற்றத்துக்குப் பெயர் லேட்டன்சி. கேட்டு, பதில் வாங்கிவர ஆகும் நேரம். மில்லி விநாடியில் சொல்வார்கள்.

இந்த நேரத்துக்கு இயற்கை ஓர் அடித்தட்டு வைத்திருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வெட்டவெளியில் போகும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர ஒரு மில்லி விநாடி. பாலக்காட்டிலிருந்து சென்னைக்கு இழை வழியே ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் என்றால் ஐந்தாறு மில்லி விநாடிக்குக் கீழே யாராலும் கொண்டுவர முடியாது. நடுவில் இருக்கும் கருவிகளையும் சேர்த்தால் பதினைந்து, இருபது ஆகும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வருக்கு இருநூற்றைம்பதை ஒட்டி வரும். எந்த பிளானும் இதைக் குறைக்காது.

கால் விநாடிதானே, அதற்கா இவ்வளவு புலம்பல் என்று தோன்றலாம். ஒரு தடவை போய்வந்தால் வேலை முடிந்துவிடும் என்றால் புலம்பத் தேவையில்லைதான்.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு சர்வரிலிருந்து 1 மெகாபைட் அளவுள்ள படம் ஒன்றைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் “பேசலாமா” என்று கேட்டு “பேசலாம்” என்று பதில் வாங்க ஒரு நடை. பூட்டுச் சின்னம் போட்ட பாதுகாப்பான இணைப்புக்குச் சாவி மாற்றிக்கொள்ள இன்னொரு நடை. அதற்குப் பிறகுதான் படத்தைக் கேட்க முடியும். கேட்டாலும் சர்வர் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டாது. நம் லைன் எவ்வளவு தாங்கும் என்று அதற்குத் தெரியாது. அதனால் முதலில் 14 கேபி சொச்சம் மட்டும் அனுப்பிப் பார்க்கும். பத்திரமாகச் சேர்ந்தது என்று தகவல் போனால் அடுத்து 29, பிறகு 58, பிறகு 117 என்று இரட்டித்துக்கொண்டே போகும். இப்படி 1 மெகாபைட் வந்து சேர ஏழு நடை. ஆக மொத்தம் ஒன்பது நடை. நடைக்குக் கால் விநாடி என்றால் இரண்டேகால் விநாடி. அதே 1 மெகாபைட்டை 100 எம்பிபிஎஸ் லைன் நேரடியாக இறக்கினால் 0.08 விநாடிதான் ஆகும். மீதி நேரமெல்லாம் லைன் சும்மா கிடந்தது. முந்நூறு எம்பி லைன் போட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். இதே படம் சென்னையில் பதினைந்து மில்லி விநாடி தூரத்தில் இருந்திருந்தால் கால் விநாடிக்குள் வேலை முடிந்திருக்கும்.

இன்றைய சராசரி வலைப்பக்கம் இப்படி எழுபதுக்கும் குறையாத துண்டுகளைக் கேட்டு வாங்குகிறது. எழுத்துருவுக்கு ஒரு சர்வர், விளம்பரத்துக்கு ஒரு சர்வர், யார் பார்க்கிறார்கள் என்று எண்ண ஒரு சர்வர். 2010-ல் கூகுளில் இருந்த மைக் பெல்ஷ் இதை அளந்து பார்த்தார். லைனை 5 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 10 ஆக்கினால் பக்கம் திறக்கும் நேரம் வெறும் ஐந்து சதவீதம்தான் குறைந்தது. போய்வரும் நேரத்தை இருபது இருபது மில்லி விநாடியாகக் குறைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் பலன் தெரிந்தது.

ஸ்பீடு டெஸ்ட் ஏன் இதையெல்லாம் காட்டுவதில்லை? அது நமக்கு மிகப் பக்கத்திலிருக்கும் சர்வரைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. பல சமயம் அது நம் நெட் கம்பெனியின் சொந்தக் கட்டடத்திலேயே இருக்கும். அதோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து லைனை நிரப்பிவிடும். வீட்டிலிருந்து கம்பெனி வாசல் வரை இழை நன்றாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. வாசலுக்கு அப்பால் நடப்பதற்குச் சாட்சி ஆகாது. யூடியூபும் அப்படித்தான். கூகுளும் நெட்பிளிக்ஸும் அதிகம் பார்க்கப்படும் படங்களைப் பெட்டிகளில் நிரப்பி, நெட் கம்பெனிகளின் அறைகளிலேயே கொண்டுவந்து வைத்திருக்கின்றன. நம் டிவியில் ஓடும் படம் பெரும்பாலும் கொச்சியையோ சென்னையையோ தாண்டி வருவதே இல்லை. சிறிய கல்லூரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் அந்த வசதி ஏது.

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் ஒரு மணி நேரப் பயணம். குமுளியில் ரோட்டின் இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு. மறையூரில் ஏறி உட்கார்ந்தால் உடுமலையில் இறங்கலாம். ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் வரைபடத்தில் சித்தூர் தாலுகாவும் தேவிகுளமும் பீர்மேடும் கேரள வட்டம். அதில் மாஹியும் லட்சத்தீவும்கூட அடக்கம். கேரளத்துக்கு மட்டும் உரிமம் வாங்கிய கம்பெனியின் லைன், கையெட்டும் தூரத்தில் தமிழ்நாட்டு இழை ஓடினாலும் அதோடு கை கோத்துவிடாது. இரண்டு கம்பெனிகள் எங்கே சந்தித்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறார்களோ, அங்கே போய்த்தான் பாக்கெட் என்கிற தகவல் பொட்டலம் கை மாறும். அது கொச்சியாக இருக்கலாம், சென்னையாக இருக்கலாம், மும்பையாகவும் இருக்கலாம். வேலந்தாவளத்திலிருந்து கோவையில் இருக்கும் சர்வருக்குக் கிளம்பிய பாக்கெட் மும்பை போய்த் திரும்பி வந்தால், அது தொழில்நுட்பக் கோளாறு இல்லை. ஒப்பந்தம் அப்படி.

நாடு முழுவதுக்கும் ஒரு காலத்தில் இதே கதைதான். டெல்லியில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் அதே டெல்லியில் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பினால், அது வெளிநாடு போய் வந்த காலம் உண்டு. அதை நிறுத்தத்தான் 2003-ல் நிக்சி என்கிற தேசிய இணையச் சந்திப்பு நிலையத்தை ஏற்படுத்தி நொய்டா, மும்பை, சென்னை, கொல்கத்தாவில் தொடங்கினார்கள். உள்நாட்டுச் சரக்கு உள்நாட்டிலேயே கை மாற வேண்டும் என்பது நோக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இத்தனை இழை ஓடும்போது, கணவாயின் இரு பக்கமும் இருப்பவர்கள் பக்கத்திலேயே சந்தித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா என்பது என் ஆதங்கம். 2023 ஜூன் 5-ல் கேரள அரசு தொடங்கிவைத்த கே-ஃபோன் திட்டம் மின்வாரியக் கம்பங்களிலேயே இழையைக் கட்டிக்கொண்டு மலைக்கும் வருகிறது. முதல் கட்டத்தில் 140 சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு நூறு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றார்கள். நல்ல காரியம். வீட்டுக்கு இழை வருவது பாதி வேலை. அந்த இழை வெளியுலகத்தை எங்கே போய்த் தொடுகிறது என்பது மறு பாதி.

வெளியுலகம் சில சமயம் தானாகவே தூரமாகிவிடுவதும் உண்டு. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் செங்கடலில் ஜெட்டா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. மத்தியக் கிழக்கு வழியாகப் போகும் போக்குவரத்தில் தாமதம் கூடும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. இந்தியாவிலும் பாதிப்பு தெரிந்தது. இணையம் நின்றுபோகவில்லை, பாக்கெட்டுகள் வேறு நீண்ட வழியில் சுற்றிப் போயின. அந்த மாதிரி நாளிலும் ஸ்பீடு டெஸ்ட் தொண்ணூற்றைந்து காட்டும்.

சரி, நம் வீட்டில் எது கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கம்ப்யூட்டர் இருந்தால் அதிகம் அலைய வேண்டாம். குரோமில் எஃப்12 பொத்தானை அழுத்தி, ‘நெட்வொர்க்’ என்ற இடத்துக்குப் போய், அடம்பிடிக்கும் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கோடு விழும். கோட்டின் மேல் சுட்டியை வைத்தால் அந்த நேரம் எங்கெங்கே செலவானது என்று நிறம் பிரித்துக் காட்டும். ஆரஞ்சு நீண்டிருந்தால் இணைப்பு கிடைக்கவே தாமதம். ஊதா, சாவி மாற்றிக்கொண்ட நேரம். பச்சை நீண்டிருந்தால், கேட்டாயிற்று, சர்வர் யோசித்துக்கொண்டிருக்கிறது. தேர்வு முடிவு வரும் நாளில் பார்ப்பது இந்தப் பச்சையைத்தான், அதற்கு நம் வீட்டில் மருந்து கிடையாது. நீலம் மட்டுமே தகவல் இறங்கும் நேரம். நூறு எம்பியை இருநூறாக்கினால் குறைவது அந்த நீலம்தான். பெரும்பாலான பக்கங்களில் அது மிகக் குட்டியாக இருப்பதைப் பார்த்தால் பிளான் மாற்றும் ஆசை போய்விடும்.

முதலிலேயே, பெயரைத் தேடும் கட்டத்தில் நேரம் போகிறது என்றால் டிஎன்எஸ் பக்கம் சந்தேகம் போக வேண்டும். சைட்டின் பெயரைக் கொடுத்து அதன் எண்ணை வாங்கும் ஏற்பாடு அது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. நெட் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வர் திணறினால், எழுபது துண்டுக்கும் இருபது வெவ்வேறு பெயர்களைத் தேடவேண்டிய பக்கம் ஒவ்வொரு பெயருக்கும் நின்று நின்று வரும். ரவுட்டரில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கச் சொல்லும் அறிவுரை இதற்காகத்தான். மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் எல்லா நோய்க்கும் அதையே மருந்தாகச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெரிய கம்பெனிகள் நமக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டி எது என்பதை, பெயரைக் கேட்ட டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே பல சமயம் முடிவு செய்கின்றன. நம் கேள்வி தொலைவிலிருக்கும் சர்வர் வழியாகப் போனால், கொச்சியில் இருக்கும் பெட்டியை விட்டுவிட்டு வேறெங்கோ அனுப்பிவிடும். பெயர் சீக்கிரம் கிடைக்கும், படம் தாமதமாக வரும். ஒரு வாரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

விசித்திரமான நோய் ஒன்று இருக்கிறது. சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போட்டால் பதில் வரும். சைட்டின் தலைப்பு வரும். அதற்கு மேல் எதுவும் வராது. சில சைட்டுகள் மட்டும் இப்படி. மற்றவை எல்லாம் ஒழுங்கு. இது பாக்கெட்டின் அளவு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட் வரை இருக்கலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ முறை லைனில் அதற்கே எட்டு பைட் போய்விடுவதால் 1492 தான் மிச்சம். அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால், நடுவிலிருக்கும் கருவி “இவ்வளவு பெரியது போகாது, குறைத்து அனுப்பு” என்று சர்வருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் செய்தியையே தடுத்துவைத்திருக்கும் சர்வர்கள் உண்டு. அவற்றுக்கு விஷயம் தெரியாது. பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பும். அது திரும்பத் திரும்ப வழியிலேயே காணாமல் போகும். சின்னப் பாக்கெட் எல்லாம் போகும், பெரியது ஒன்றும் போகாது. விண்டோஸில் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் அனுப்பினால் 1464 போய், 1472 போகாமல் நின்றால், பாதையின் அளவு 1492 என்று அர்த்தம். 1464-உம் போகவில்லை என்றால் பாதை அதைவிடவும் குறுகல். எது போகிறதோ அதுவரை எண்ணைக் குறைத்துப் பார்க்கலாம். போகிற எண்ணோடு 28-ஐக் கூட்டி, ரவுட்டரில் எம்டியூ என்ற இடத்தில் போட்டால் தீர்ந்துவிடும். இதற்காகப் புது ரவுட்டர் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

இன்னொன்று ஐபி முகவரி. பழைய முகவரிகள் தீர்ந்துபோய் வெகுநாள் ஆகிறது; உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுப்புகளை 2011 பிப்ரவரியில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சிறிய நெட் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவே தொடங்கினால் நாமும் அந்தக் கூட்டுக்குடும்பத்தில் இருக்கிறோம். சைட்டுக்கு எல்லா வீடும் ஒரே ஆளாகத் தெரியும். அது சந்தேகப்பட்டு “நீ மனிதன்தானா” என்று படம் காட்டிக் கேட்கும், அல்லது தாமதப்படுத்தும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பக்கங்களைத் திறந்தால், வீட்டுக்கென்று ஒதுக்கிய இணைப்பு எண்ணிக்கை தீர்ந்து, சில துண்டுகள் வராமலே போகும். புதிய முகவரி முறையான ஐபிவி6 இதற்குச் சரியான விடை. ஆனால் அதை அரைகுறையாகப் போட்டுவைத்திருந்தால் அதுவே தலைவலி: பிரவுசர் முதலில் புதிய வழியில் போய்ப் பார்த்து, பதில் வராமல் காத்திருந்து, பிறகு பழைய வழிக்குத் திரும்பும். ரவுட்டரில் ஐபிவி6-ஐ ஒரு நாள் அணைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இடுக்கி மழைக்காலத்தில் வருவது வேறு வகை. இழையை இணைத்த இடத்தில் ஈரம், மரக்கிளை இழுத்து மடங்கிய கேபிள். ஒளி குறைந்து, நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைகிறது. ஒன்றுதானே என்று விட முடியாது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் நானூறு கஜத்தில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு, விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசலில் எல்லோரும் முண்டியடித்ததால் வந்த வினை. அங்கே இருந்த வான் ஜேக்கப்சன் அதற்குக் கண்டுபிடித்த தீர்வு: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முன்பு சொன்ன 14, 29, 58 என்ற மெல்லத் தொடங்கும் முறையும் அந்தத் தீர்வில் அடக்கம். இணையம் இன்றும் பிழைத்திருப்பது அந்த நாகரிகத்தால்தான். ஆனால் மழையில் தொலைந்த பாக்கெட்டையும் அது நெரிசல் என்றே நினைக்கும். அந்தப் பழைய முறைக்கான கணக்கைப் போட்டுப் பார்த்தால், நூற்றுக்கு ஒன்று தொலையும் லைனில் கால் விநாடி தூரத்து சர்வரோடு ஓர் இணைப்பு அரை எம்பிபிஎஸ் சொச்சத்தைத் தாண்டாது. லைன் நூறு எம்பியாக இருந்தாலும். பல இணைப்புகளைத் திறந்து, பக்கத்து சர்வரோடு பேசும் ஸ்பீடு டெஸ்டில் இந்த இழப்பு கண்ணில் படாமல் போகலாம். கேபிள்காரரிடம் ஸ்பீடு டெஸ்டுக்குப் பதில் மீட்டரை வைத்து ஒளி அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மைனஸ் இருபதை ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் இருபத்தேழைத் தொட்டால், வழக்கமான வீட்டுப் பெட்டியின் எல்லைக்கு வந்தாயிற்று.

வைஃபையைப் பற்றி ஒரு வரி போதும்: லான் வயரைச் செருகினால் சரியாகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் காரணமில்லை. எஸ்டேட் லயங்களில் சுவருக்குச் சுவர் ரவுட்டர் இருக்கும் இடத்தில் இதுவே முதல் சந்தேகமாக இருக்கட்டும். இன்னொன்று, சிசிடிவி கேமராவோ போனோ மேலே எதையாவது ஏற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் பக்கம் திணறினால், ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் வரிசையில் தேங்குகின்றன. 2010-ல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு லைனிலேயே கண்டுபிடித்து ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்த நோய் இது. அந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் வசதி உள்ள ரவுட்டர் அதற்கு மருந்து.

இத்தனையும் பார்த்தும் தீரவில்லை என்றால் புகார்தான். “ஸ்லோவா இருக்கு” என்று சொன்னால் ஸ்பீடு டெஸ்ட்தான் பதிலாக வரும். டிரேஸ்ரூட் போட்டு, பாக்கெட் எந்த ஊர் வழியாகப் போகிறது, எந்தப் படியில் பத்து மில்லி விநாடி இருநூறாகி, கடைசிவரை இருநூறாகவே நிற்கிறது என்பதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு படி மட்டும் எகிறி, அடுத்த படியில் இறங்கிவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்தக் கருவிக்கு நமக்குப் பதில் சொல்வது கடைசி வேலை. காலை ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை எடுத்தால் நெரிசலா பாதையா என்று தெரிந்துவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-லேயே கம்பெனியின் வாசலிலிருந்து நிக்சி போன்ற சந்திப்பு வரை 120 மில்லி விநாடிக்குள்ளும், வெளிநாட்டில் முதல் சந்திப்பு வரை தரைவழியாக 350-க்குள்ளும் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. 2024 அக்டோபர் 1 முதல் அதற்குப் பதிலாகப் புதிய தர விதிமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. போனை எடுக்கும் பையனுக்குப் பாதையை மாற்றும் அதிகாரம் கிடையாது, அவரைத் திட்டிப் பயனில்லை. புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, நெட்வொர்க் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். தீராவிட்டால் ஒவ்வொரு கம்பெனியிலும் 2012 விதிமுறைப்படி மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். படங்களும் தேதியும் அவருக்குத்தான்.